கழுவியும் கார் பளிச்சென்று இல்லையா? அறிகுறியைப் பார்த்து மருந்து தேடுங்கள்

கார் பெயின்டில் கண்ணுக்குப் படும் எந்தக் குறையும் மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். ஏதோ ஒன்று பெயின்டின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கலாம். பெயின்டின் மேற்பரப்பே கீறியோ அரித்தோ போயிருக்கலாம். அல்லது அந்த இடத்தில் பெயின்டே இல்லாமல் இருக்கலாம். ஒட்டியிருப்பதைக் கரைத்தோ இழுத்தோ எடுத்துவிடலாம். கீறலைப் போக்க வேண்டுமானால் சுற்றியுள்ள பெயின்டைத் தேய்த்து மட்டப்படுத்தியாக வேண்டும். பெயின்ட் போன இடத்துக்குப் பெயின்ட் மட்டும்தான் மருந்து. இந்த மூன்றில் எது என்று பார்க்காமல் பாட்டிலை வாங்கிவிட்டு, பிறகு அந்தப் பாட்டிலைத் திட்டுபவர்கள்தான் அதிகம்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். இன்றைய கார்களில் பெரும்பாலும் நிற அடுக்கின் மேல் கிளியர் கோட் என்ற நிறமற்ற அடுக்கு இருக்கிறது. அதன் தடிமன் ஏறக்குறைய 35 முதல் 50 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). ஒவ்வொரு முறை பாலிஷ் போடும்போதும் அதில் கொஞ்சம் தேய்கிறது. வாக்ஸ் போட்டாலும், செராமிக் என்ற இறுகும் பாதுகாப்புப் பூச்சு போட்டாலும் அது திரும்பி வளராது. அதனால் கீழே எந்த அறிகுறியாக இருந்தாலும், மிக மென்மையான வழியை முதலில் முயன்று, பலிக்காவிட்டால் மட்டும் அடுத்ததற்குப் போங்கள். வேலை முழுக்க நிழலில், பெயின்ட் சூடு ஆறிய பிறகுதான். புதுப் பொருள் எதையும் முதலில் கண்ணில் படாத மூலையில் போட்டுப் பாருங்கள். மேட் பெயின்ட், அதாவது பளபளப்பில்லாத பெயின்ட் உள்ள கார் என்றால் பாலிஷ், வாக்ஸ் பற்றிய பகுதிகளை விட்டுவிடுங்கள்; அவை அந்தப் பெயின்டைத் திட்டுத்திட்டாகப் பளபளக்க வைத்துக் கெடுத்துவிடும்.

வெயிலில் நிறுத்தினால் சிலந்தி வலைபோல் கீறல்கள்

நிழலில் ஒன்றும் தெரியாது. வெயிலோ டார்ச் வெளிச்சமோ நேராக விழுந்தால், ஒளிப்புள்ளியைச் சுற்றி மெல்லிய வளையங்கள் தெரியும். உண்மையில் இவை வட்டமாக விழுந்த கீறல்கள் அல்ல. எல்லாத் திசையிலும் கிடக்கும் நுண்கீறல்களில், ஒளிக்குக் குறுக்காக இருப்பவை மட்டும் மின்னுவதால் வட்டம்போல் தோன்றுகின்றன. கருப்புக் காரில் பளிச்சென்று தெரியும். வெள்ளைக் காரிலும் அதே அளவு இருக்கும், தெரியாது, அவ்வளவுதான்.

காரணம் பெரும்பாலும் கழுவும் முறையும் துடைக்கும் முறையும்தான். காய்ந்த தூசியின் மேல் துணியை ஓட்டினால், துணி எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் தூசிதான் பெயின்டைத் தேய்க்கிறது. தினமும் உலர்ந்த துணியால் 'சும்மா ஒரு தட்டு' தட்டும் பழக்கம் இருந்தால் முதலில் அதை நிறுத்துங்கள். அதை நிறுத்தாமல் பாலிஷ் போடுவது வீண் வேலை. சில வாரங்களில் மறுபடி அதே வலை வந்துவிடும்.

கழுவும்போது முதலில் வெறும் தண்ணீரைப் பீய்ச்சி மண்ணை இறக்குங்கள். ஷாம்புக்கு ஒரு வாளி, மிட்டை (கையில் மாட்டிக் கழுவும் கையுறைத் துணி) அலச இன்னொரு வாளி. மைக்ரோஃபைபர் வாஷ் மிட்டால் கூரையிலிருந்து கீழ்நோக்கி வாருங்கள். கதவுகளின் அடிப்பகுதிதான் அதிக மண் பிடிக்கும் இடம், அது கடைசியில். ஒரு பகுதி முடிந்ததும் மிட்டை வெறும் தண்ணீர் வாளியில் அலசிவிட்டுத்தான் மறுபடி ஷாம்பில் நனைக்க வேண்டும். வீலுக்குத் தனி வாளி, தனித் துணி. ஸ்பாஞ்சு மண்ணைத் தன் தட்டையான முகத்திலேயே பிடித்து வைத்துத் தேய்க்கும். மிட்டின் நூலிழைகள் அதை உள்ளே வாங்கிக்கொள்ளும். வித்தியாசம் அங்கேதான். ஷாம்பு பிஎச் நடுநிலை என்று போட்டிருப்பதாக இருந்தால் போதும். பாத்திரம் கழுவும் திரவம் எண்ணெயை எடுக்கவென்றே செய்யப்பட்டது. ஏற்கெனவே போட்ட வாக்ஸையும் சேர்த்துப் பலவீனமாக்கும்.

துடைக்க 500 ஜிஎஸ்எம்மோ (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) அதற்கு மேலோ உள்ள தடித்த துணி. வாக்ஸைத் துடைத்தெடுக்க 300 முதல் 400 வரை போதும். ஓரத்தில் கடினத் தையல் உள்ள துணியை வாங்காதீர்கள், அல்லது அந்தத் தையலை வெட்டிவிடுங்கள். துணி கீழே விழுந்தால் அதைத் துவைக்கும் வரை பெயின்டில் படக் கூடாது. துவைக்கும்போது துணி மென்மையாக்கி சேர்த்தால் நூலிழை மேல் ஒரு படலம் ஏறி, துணி தண்ணீரை உறிஞ்சாமல் தள்ளிக்கொண்டே போகும். 'புதுத் துணிதானே, ஏன் தண்ணீரை இழுக்க மாட்டேன் என்கிறது' என்றால் பாதி நேரம் இதுதான் காரணம்.

சரி, ஏற்கெனவே விழுந்த கீறலுக்கு என்ன? அதன் குறுக்கே நகத்தை மெல்ல ஓட்டுங்கள். நகம் மாட்டினால் அது பாலிஷுக்கு மிஞ்சிய ஆழம். முழுதாகப் போக்கப் பார்த்தால் கிளியர் கோட்டைத் துளைத்துவிடுவீர்கள். மாட்டவில்லை என்றால் பாலிஷ் உதவும். காம்பவுண்ட் என்றால் கரடு, பாலிஷ் என்றால் மென்மை, வாக்ஸ் என்றால் தேய்ப்பே கிடையாது, வெறும் போர்வை. கீறல் போக வாக்ஸ் வாங்குவது தவறான அலமாரியில் தேடுவது.

கையால் பாலிஷ் போட்டால் பளபளப்பு கூடும். கீறல் வலை முழுதாகப் போகாது. பேடைச் சுழற்றியபடியே ஆட்டவும் செய்யும் டூயல் ஆக்ஷன் மெஷின் புதியவர் கைக்கும் ஓரளவு பாதுகாப்பானது. சுழல மட்டும் செய்யும் ரோட்டரி மெஷின் ஒரே இடத்தில் சூட்டை ஏற்றும், பழகாத கையில் விளிம்புகளை எரித்துவிடும். விளிம்பிலும் உடல் வளைவுக் கோட்டிலும் பெயின்ட் மெல்லியதாக இருக்கும், அங்கே டேப் ஒட்டுங்கள். சுமார் 40 சென்டிமீட்டர் சதுரத்தில், இருப்பதிலேயே மென்மையான பாலிஷையும் மென்மையான ஃபோம் பேடையும் வைத்து ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். பிறகு தண்ணீர் கலந்த ஐசோப்ரோபைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு டார்ச்சை அடியுங்கள். இந்தத் துடைப்பு முக்கியம். பல பாலிஷ்களில் கீறலை நிரப்பி மறைக்கும் எண்ணெய்கள் உண்டு. பாலிஷ் போட்ட அன்று கண்ணாடிபோல் இருந்து, நாலு கழுவலில் எல்லாம் திரும்பி வந்தால், கீறல் போகவில்லை, மறைந்துதான் இருந்தது.

கழுவி முடித்தும் கை வைத்தால் சொரசொரப்பு

கையில் மெல்லிய பிளாஸ்டிக் கவரை மாட்டிக்கொண்டு கழுவிய பெயின்டின் மேல் தடவுங்கள். வெறும் கைக்குத் தெரியாத மணற்துகள்கள்கூட அதில் உறைக்கும். இது ஒட்டிக்கொண்டிருக்கும் வகை. ஷாம்பு எத்தனை முறை போட்டாலும் வராது.

துகள்கள் பழுப்புப் புள்ளிகளாக, வெள்ளைக் காரில் துருபோலத் தெரிந்தால் அவை பிரேக்கிலிருந்து பறந்து ஒட்டிய இரும்பு. இதற்கென்று அயன் ரிமூவர் உண்டு. இரும்பு இருக்கும் இடத்தில் அது ஊதா நிறமாக மாறி வழியும். அழுகிய முட்டைபோல் ஒரு வாடையும் அடிக்கும், அது இயல்பு. லேபிளில் சொன்ன நிமிடங்களுக்கு மேல் விடாமல், காய்வதற்குள் கழுவிவிட வேண்டும். நிறம் மாறவில்லை என்றால் அங்கே பெரிதாக இரும்பு இல்லை. இன்னும் இரண்டு தடவை ஊற்றிப் பயனில்லை.

கதவின் அடியிலும் சக்கரத்தின் பின்னாலும் கருப்புப் புள்ளிகள் இருந்தால் தார். அதற்குத் தார் ரிமூவர். ஒரு நிமிடம் ஊறவிட்டால் பழுப்பாகக் கரைந்து வழியும். நகத்தால் சுரண்டினால் தாரோடு கீறலும் கிடைக்கும்.

இவை இரண்டுக்கும் பிறகும் சொரசொரப்பு மிச்சம் இருந்தால்தான் கிளே பார், அதாவது துகள்களை ஒட்டியெடுக்கும் களிமண் போன்ற கட்டி. இந்த வரிசையை மாற்றாதீர்கள். இரும்போடும் தாரோடும் கிளேயை ஓட்டினால் அந்தத் துகள்களையே பெயின்டில் இழுப்பதாகும். வழுக்குதிரவத்தைத் தாராளமாக அடித்து, அழுத்தாமல், நேர்க்கோட்டில் ஓட்டுங்கள். சத்தமும் தடுமாற்றமும் குறைந்து வழுக்கத் தொடங்கினால் அந்தப் பகுதி முடிந்தது. கிளேயை அடிக்கடி மடித்துப் புது முகத்தைத் திருப்புங்கள். தரையில் விழுந்த கிளே குப்பைக்குத்தான், எவ்வளவு புதிதாக இருந்தாலும். கிளே லேசான தேய்ப்புத் தடம் விடக்கூடும். அதனால் பாலிஷ் போடும் உத்தேசம் இருக்கும்போது இதைச் செய்வது புத்திசாலித்தனம். பாலிஷ் போடாவிட்டாலும் வாக்ஸ் போடாமல் விடாதீர்கள், ஏனென்றால் பழைய வாக்ஸ் பெரும்பாலும் போயிருக்கும்.

காய்ந்த பின் வெள்ளை வட்டங்கள்

உப்புத் தண்ணீர். நீர் ஆவியாகி, அதில் இருந்த கால்சியமும் மெக்னீசியமும் மிச்சமாகி நிற்கின்றன. புதிது என்றால் ஷாம்பிலேயே போகும். போகாவிட்டால் வெள்ளை வினிகரில் சம அளவு தண்ணீர் கலந்து, துணியை நனைத்து ஓரிரு நிமிடம் வட்டத்தின் மேல் வைத்து, துடைத்து, நன்றாகக் கழுவுங்கள். அமிலம் உப்பைக் கரைக்கும். பூச்சில்லாத அலுமினியத்தில் இது வேண்டாம். பிளீச்சிங் திரவம் இருக்கும் வாளியில் வினிகரைக் கலக்கவே கூடாது, குளோரின் வாயு வரும்.

வெள்ளை போய், அதே இடத்தில் வட்டக் குழி மட்டும் தெரிந்தால் அரிப்பு ஆகிவிட்டது. இனி அமிலம் வேலை செய்யாது, பாலிஷ்தான். மீண்டும் வராமல் இருக்க, வெயிலில் கழுவாதீர்கள். ஒரே நேரத்தில் முழுக் காரையும் நுரைக்காமல் பகுதி பகுதியாகக் கழுவித் துடையுங்கள். கடைசி அலசலுக்கு மட்டுமாவது உப்பு நீக்கிய தண்ணீர் கிடைத்தால் நல்லது.

பறவை எச்சத்துக்கும் இதே தர்க்கம்தான், அவசரம் மட்டும் கூடுதல். வெயிலில் சில மணி நேரத்திலேயே தடம் விழக்கூடும். ஈரத் துணியை மேலே போட்டு ஊறவிட்டு, தேய்க்காமல் தூக்கி எடுங்கள். உலர்ந்த எச்சத்தில் விதையும் மணலும் இருக்கும், சுரண்டினால் கீறும். மரப் பிசினுக்கு ஐசோப்ரோபைல் ஆல்கஹாலை ஊறவிட்டு எடுக்கலாம்.

வாக்ஸ் போட்ட பின் திட்டுத்திட்டாக, எண்ணெய் தடவியதுபோல்

பெரும்பாலும் அதிகமாகத் தடவியதுதான் காரணம். வாக்ஸ் தடித்தால் பாதுகாப்பு கூடாது, துடைக்கத்தான் கஷ்டம். பெயின்ட் சூடாக இருந்தாலும், லேபிள் சொன்னதைவிட நேரம் விட்டாலும் இப்படி இறுகிக்கொள்ளும். அதே வாக்ஸை மெல்லியதாக அந்த இடத்தில் மறுபடி தடவி, உடனே சுத்தமான துணியால் துடையுங்கள். புது வாக்ஸ் பழையதை இளக்கிவிடும். வாக்ஸ் ஏறிய துணியால் எத்தனை முறை துடைத்தாலும் திட்டு இடம் மாறுமே தவிரப் போகாது.

செராமிக் பூச்சில் வரும் கருந்திட்டு வேறு கதை. சரியாகத் துடைக்காமல் விட்ட இடம் மேடாக இறுகியிருக்கும். போட்டுச் சிறிது நேரமே ஆகியிருந்தால் அதே திரவத்தில் ஒரு சொட்டு வைத்து இளக்கித் துடைக்கலாம். முழுதாக இறுகிவிட்டால் பாலிஷ் போட்டு எடுத்துவிட்டு மறுபடி பூச வேண்டியதுதான். அதனால் விளக்கை வெவ்வேறு கோணத்தில் அடித்துப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு பகுதியாகப் போங்கள். பாட்டிலில் 9எச் என்று பெருமையாக எழுதியிருக்கும். அது பென்சில் கடினத்தன்மை அளவுகோல், அதாவது எவ்வளவு கடினமான பென்சில் முனை கீறுகிறது என்று பார்ப்பது. ரத்தினக்கற்களை அளக்கும் மோஸ் அளவு என்று நினைத்து, இனி கல் பட்டாலும் கீறாது என்று நம்பிவிடாதீர்கள்.

செராமிக் போட்டும் தண்ணீர் முத்து முத்தாக உருளவில்லை

பூச்சு செத்துவிட்டது என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். அழுக்குப் படலமும் உப்பும் அதை மூடியிருக்கலாம். நல்ல கழுவல், தேவையானால் அயன் ரிமூவர், உப்புக்கறை நீக்கி. பெரும்பாலும் முத்துக்கள் திரும்பிவிடும். அதற்குப் பிறகும் தண்ணீர் தட்டையாகப் பரவினால் மறுபூச்சு பற்றி யோசிக்கலாம். புதிதாகப் பெயின்ட் அடித்த பகுதி என்றால் பெயின்ட் அடித்தவர் சொல்லும் காலம் வரை வாக்ஸோ செராமிக்கோ போடாதீர்கள். உள்ளிருக்கும் கரைப்பான் வெளியேற வழி வேண்டும்.

கருப்பு பிளாஸ்டிக் ஓரத்தில் வெள்ளைக் கறை

பாலிஷோ வாக்ஸோ அதன் சொரசொரப்பான பள்ளங்களில் காய்ந்திருக்கிறது. நீர்த்த ஆல் பர்பஸ் கிளீனரும் மென்மையான பிரஷும் போதும். அடுத்த முறை வேலைக்கு முன்பே டேப் ஒட்டிவிடுங்கள். கறையாக இல்லாமல் பிளாஸ்டிக் மொத்தமாகவே சாம்பல் நிறமாகியிருந்தால் அது வெயிலின் வேலை. பிளாஸ்டிக்கின் நிறத்தை மீட்கும் டிரிம் ரெஸ்டோரர் வேண்டும். சிலிக்கோன் டிரெஸ்ஸிங் (மேலே பூசும் பளபளப்புத் திரவம்) அன்றைக்குக் கருப்பாகக் காட்டும், அவ்வளவே.

பெயின்ட் தோல் உரிவதுபோல் உரிகிறது

மூன்றாவது வகை. எந்தப் பாட்டிலும் வேண்டாம். பாலிஷ் மெஷின் ஓட்டினால் இன்னும் பெரிதாக உரியும். பெயின்டரிடம் போங்கள்.

கண்ணாடியில் கோடு, இரவில் கண் கூசல்

முன் கண்ணாடியின் உள்பக்கம் மங்கலான படலம் சேர்வதற்கு, டேஷ்போர்டு பிளாஸ்டிக் வெயிலில் வெளியிடும் ஆவியும் ஒரு காரணம். கிளீனரைத் துணியில் அடித்து ஒரு துணியால் துடைத்து, உடனே உலர்ந்த இன்னொரு துணியால் முடியுங்கள். உள்பக்கத்தைக் கிடையாகவும் வெளிப்பக்கத்தை மேலும் கீழுமாகவும் துடைத்தால், மிஞ்சிய கோடு எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று பார்த்தவுடனே தெரியும். ஃபிலிம் ஒட்டிய கண்ணாடிக்கு அம்மோனியா கலந்த கிளீனர் ஆகாது. வைப்பர் தடதடத்தால் பிளேடை மாற்றும் முன் கண்ணாடியையும் பிளேடையும் ஆல்கஹாலால் துடைத்துப் பாருங்கள். கழுவும்போது வழிந்த வாக்ஸாக இருக்கலாம்.

ஹெட்லைட் மஞ்சள்

பாலிகார்பனேட் மேலிருந்த புற ஊதாத் தடுப்புப் பூச்சு சிதைந்துவிட்டது. பற்பசை வைத்தியம் கொஞ்சம் தெளிவாக்கும், நிற்காது. சுற்றிலும் டேப் ஒட்டி, தண்ணீர் விட்டபடி 1000, 2000, 3000 என்று உப்புத்தாளின் எண்ணை (எண் கூடக்கூடத் தாள் மென்மை) ஏற்றிக்கொண்டே போய் பாலிஷ் போடுங்கள். அதோடு நிறுத்தினால் சில மாதங்களில் மறுபடி மஞ்சள். புற ஊதாத் தடுப்புள்ள பூச்சு அடித்தால்தான் வேலை முடிந்ததாகக் கணக்கு. மங்கல் உள்பக்கம் இருந்தாலோ நீர்த்துளி தெரிந்தாலோ, அது பெரும்பாலும் சீல் கசிவு. வெளியே தேய்த்துப் பயனில்லை.

வீலில் கருப்பு, டயரில் பழுப்பு

சூடான வீலில் எந்தக் கிளீனரையும் அடிக்காதீர்கள். அமில வகை வீல் கிளீனர்கள் சிலவற்றில் புளோரைடு சேர்மங்கள் இருக்கும்; தோலுக்கும் நுரையீரலுக்கும் ஆபத்தானவை, வீட்டு வேலைக்கு அவை தேவையே இல்லை. பிஎச் நடுநிலையான வீல் கிளீனரும் பிரஷும் போதும். கழுவிய மறுநாள் பிரேக் டிஸ்கில் மெல்லிய துரு தெரிந்தால் பயப்பட வேண்டாம். காரை மெதுவாக ஓட்டி இரண்டு முறை பிரேக் பிடித்தால் போய்விடும்.

டயரின் பழுப்பு வெறும் அழுக்கு அல்ல. ரப்பரில் வெடிப்பு விழாமல் இருக்கக் கலந்த பொருள் மேலே கசிந்து காற்றில் பழுப்பாகிறது. நுரை வெள்ளையாக வரும் வரை கிளீனர் போட்டுப் பிரஷால் தேய்த்து, காயவிட்டு, அதன் பிறகு டிரெஸ்ஸிங். பழுப்பின் மேலேயே டிரெஸ்ஸிங் பூசினால் ஒரு வாரம்கூட நிற்காது. கதவில் கருந்துளிகள் தெறித்தால் அதிகம் பூசியிருக்கிறீர்கள். பூசிய பின் ஒரு முறை துடைத்துவிடுங்கள். தரையில் படும் பகுதியில் பூசவே கூடாது.

உள்ளே: பிசுபிசுப்பு, பளபளப்பு, வாடை

டேஷ்போர்டு பிசுபிசுவென்று தூசி பிடித்தால் எண்ணெய்த்தன்மை உள்ள பாலிஷ் போட்டிருக்கிறீர்கள். நீர்த்த கிளீனரால் எடுத்துவிட்டு, மேட் முடிவு தரும் நீர்வகைப் பொருள் போடுங்கள், அல்லது எதுவும் போடாமலே விடுங்கள். பளபளக்கும் டேஷ்போர்டு கண்ணாடியில் பிரதிபலித்து ஓட்டுபவரின் கண்ணை மறைக்கும். ஸ்டியரிங், பெடல் இரண்டிலும் வழுக்கும் பொருள் எதுவும் படக் கூடாது. தொடுதிரைக்கு ஈர மைக்ரோஃபைபர் போதும்.

லெதர் இருக்கை பளபளவென்று மின்னினால் அது புதுமை அல்ல, உடம்பின் எண்ணெயும் அழுக்கும். பெரும்பாலான கார் லெதரின் மேல் பாலியூரிதேன் பூச்சு இருப்பதால், 'ஊட்டம் தரும்' எண்ணெய்கள் உள்ளே இறங்குவதில்லை. லெதர் கிளீனரும் மென்மையான பிரஷும் போட்டு மங்கலான தோற்றம் திரும்பினால் சுத்தம்.

துணி இருக்கையில் கறையைத் துடைத்த இடத்தில் வளையம் விழுந்தால், அதிகம் நனைத்திருக்கிறீர்கள். அடியில் இருந்த அழுக்கு ஈரத்தோடு ஓரத்துக்கு ஏறியிருக்கிறது. அந்தப் பகுதி முழுவதையும் தையல் வரை லேசாக ஒரே சீராகச் சுத்தம் செய்து, வாக்யூமால் ஈரத்தை இழுத்து, கதவைத் திறந்து காயவிடுங்கள்.

வாடைக்கு வாசனை ஸ்ப்ரே அடிக்கும் முன் மிதியடியைத் தூக்கி அடியில் கை வைத்துப் பாருங்கள். ஈரமாக இருந்தால் தண்ணீர் வரும் வழியைத்தான் தேட வேண்டும்: கதவு ரப்பர், ஏசி வடிகால் குழாய், சன்ரூஃப் இருந்தால் அதன் வடிகால். அடி உலர்ந்திருந்து, ஏசி போட்டவுடன் மட்டும் புளித்த வாடை வந்தால், கேபின் ஃபில்டரை மாற்றுங்கள். அதன் பிறகும் வந்தால், காற்றைக் குளிரவைக்கும் பகுதியான எவாப்பரேட்டருக்கு உரிய கிளீனர் அடிக்க வேண்டும்.